தோப்பில் இரைவது சில்வண்டு, குருத்தைக் குடைவது காண்டாமிருக வண்டு: தென்னை விவசாயிகள் அடையாளம் காண்பது எப்படி?

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், போன சித்திரை மாதம் என் மேசை மேல் ஒரு தீப்பெட்டியை வைத்தார். திறந்து பார்த்தேன். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சிக் கூடு. முதுகு நெடுகப் பிளந்திருந்தது. ஆறு காலும் அப்படியே இருக்க, உள்ளே ஒன்றும் இல்லை.

"சார், இதுதான் எங்க தென்னங்குருத்தைக் குடையிது. மரத்துக்கு மரம் ஒட்டிக்கிட்டு இருக்கு. மத்தியானம் தோப்புக்குள்ள நிக்க முடியல, அவ்வளவு இரைச்சல். மரத்தடியில எல்லாம் பொத்து பொத்தா கிடக்கு."

"மருந்து ஏதும் அடிச்சீங்களா அண்ணாச்சி?"

"ரெண்டு தடவை அடிச்சாச்சு. தூர்லயும் ஊத்தியாச்சு. சத்தம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு, மறுபடி வந்துருச்சு."

மறுநாள் தோப்புக்குப் போனோம். குருத்தில் வெட்டு இருந்தது உண்மை. விரிந்த மட்டைகளில் கத்தரிக்கோலால் விசிறி வெட்டியதுபோல் ஓலை போயிருந்தது. ஆனால் அவர் தீப்பெட்டியில் கொண்டுவந்த பூச்சிக்கும் அந்த வெட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் மக்கிக் கிடந்த எருக்குழியை மண்வெட்டியால் இரண்டு அடி புரட்டினோம். கட்டைவிரல் பருமனில், வெள்ளை வெளேரென்று, பிறை போல் வளைந்த புழுக்கள் கூடை கூடையாக வந்தன. குருத்தைக் குடைந்த வண்டு பிறந்த இடம் அதுதான். மருந்துக்கும் கூலிக்கும் அவர் செலவழித்த பணத்தில் ஒரு ரூபாய்கூட அந்தக் குழிக்குப் போகவில்லை.

இது அவர் ஒருவருடைய தவறு இல்லை. சேத்தூர், தேவதானம், மம்சாபுரம், வத்திராயிருப்பு என்று மலையை ஒட்டிய ஊர்களில் ஆண்டுதோறும் கோடையில் இதே கேள்வியைக் கேட்கிறேன். இரண்டும் பெரிய பூச்சி. இரண்டும் மரத்தில் இருக்கின்றன, இரண்டின் இளம் பருவமும் மண்ணுக்குள் கழிகிறது. போதாததற்கு இரண்டின் பெயரிலும் 'வண்டு' இருக்கிறது. ஒன்று கத்திக்கொண்டே கண்ணில் படுகிறது, இன்னொன்று சத்தமில்லாமல் ஒளிந்திருக்கிறது. கையில் மருந்துத் தெளிப்பான் இருந்தால் கண்ணில் படுவதன் மேல்தானே அடிக்கத் தோன்றும்?

பெயர் வண்டு, ஆனால் வண்டு இனம் அல்ல

சில்வண்டு என்று நாம் சொல்வது உண்மையில் வண்டு இனமே கிடையாது. பருத்தியில் வரும் தத்துப்பூச்சி, அவரையில் வரும் அசுவினி, தென்னையில் வரும் வெள்ளை ஈ ஆகியவற்றின் பெரிய உறவினர் அது. இவை எல்லாமே ஊசி போன்ற வாயால் சாறு உறிஞ்சுபவை. காண்டாமிருக வண்டுக்கோ கடித்து மெல்லும் தாடை உண்டு. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். ஊசி வாய் உள்ள பூச்சியால் தென்னங்குருத்தைக் குடைய முடியாது. மட்டையை விசிறி போல் வெட்டவும் முடியாது.

இரவில் வீட்டு மூலையிலும் வரப்பிலும் கிரீச்சிடும் சுவர்க்கோழியையும் பலர் சில்வண்டு என்றே அழைக்கிறார்கள். அது வேறு பூச்சி, வெட்டுக்கிளிக்குச் சொந்தம். இந்தக் கட்டுரையில் சில்வண்டு என்று நான் சொல்வது, வெயில் நேரத்திலும் அந்தி நேரத்திலும் மரத்தில் இருந்து விடாமல் ரீங்கரிக்கும் கண்ணாடிச் சிறகுப் பூச்சியை. ஆங்கிலப் பெயர் சிக்காடா. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சீவீடு என்கிறார்கள். அங்கே வீட்டுத் தோட்டங்களில் பரவலாக இருக்கும் ஓர் இனத்துக்கு 2023-இல் விஞ்ஞானிகள் 'புரானா சீவீடா' என்று அந்த நாட்டுப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

காண்டாமிருக வண்டு, கொம்பு வண்டு என்பதெல்லாம் ஒன்றுதான். அறிவியல் பெயர் ஒரிக்டஸ் ரைனோசெரஸ்.

சில்வண்டு எப்படி வாழ்கிறது?

தாய்ப்பூச்சி மரத்தின் இளங்கிளையில் கீறல் போட்டு அதற்குள் முட்டை வைக்கும். பொரித்த குஞ்சு அரிசியைவிடச் சிறியது. கிளையில் இருந்து மண்ணில் விழுந்து, உள்ளே புகுந்துகொள்ளும். அங்கே மரவேரில் ஊசி வாயைச் செருகி, வேர் மேலே அனுப்பும் தண்ணீர்ச் சாற்றைக் குடித்தபடி வளரும். அந்தச் சாற்றில் சத்து மிகக் குறைவு, அதனால் வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். பல இனங்கள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் இருக்கின்றன. வளர்ந்ததும் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வந்து, பக்கத்தில் உள்ள மரத்திலோ கம்பத்திலோ ஏறி, தோலை உரித்துவிட்டுப் பறந்துவிடும். நம் அண்ணாச்சி தீப்பெட்டியில் கொண்டுவந்தது அந்த உரித்த தோலைத்தான். மரத்தடியில் அவர் பார்த்த பொத்துகள், பூச்சி வெளியே வந்த வழி. அதாவது உள்ளே இருந்தது ஏற்கெனவே போய்விட்டது. அந்த ஓட்டைக்குள் மருந்து ஊற்றினால் மண்புழுவும் எறும்பும்தான் சாகும்.

வெளியே வந்த பூச்சி சில வாரங்களே உயிரோடு இருக்கும். அதற்குள் இணை தேடி முட்டை வைத்தாக வேண்டும். அதனால்தான் அவ்வளவு அவசரம், அவ்வளவு இரைச்சல். பாடுவது ஆண் மட்டும். வயிற்றின் அடிப்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக மடிப்பு மடிப்பான இரண்டு சவ்வுகள் உண்டு. தகர டப்பா மூடியை அமுக்கி விட்டால் 'டக்' என்று சத்தம் வருமே, அதுபோலத் தசை அந்தச் சவ்வை இழுத்து இழுத்து விடும். ஒரு நொடியில் பல நூறு முறை. ஆணின் வயிறு பெரும்பாலும் காற்றறை என்பதால் சத்தம் மத்தளம் போலப் பெருகி வெளிவரும்.

சிவகாசி வட்டாரத்தில் டெசிபல் என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெடிக்கும் இடத்தில் இருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு சில்வண்டு இனத்தின் சத்தத்தை அரை மீட்டர் தூரத்தில் அளந்தபோது 106 டெசிபலுக்கு மேல் இருந்தது. பட்டாசு நொடியில் அடங்கிவிடும் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு விரல் நீளப் பூச்சிக்கு அது பெரிய சத்தம்தான். நம் செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பக்கமும் நூற்றுக்கணக்கில் சேர்ந்து பாடும்போது பேசுவது காதில் விழாது.

வட அமெரிக்காவில் சில இனங்கள் 13 ஆண்டு, 17 ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டு கூட்டமாக வெளியே வருகின்றன. 2024-இல் 13 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் 17 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் ஒரே கோடையில் வந்தன. அந்த இரண்டும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803-இல். நம் நாட்டில் மேகாலயாவின் ரி-போய் மாவட்டத்தில் 4 ஆண்டுக்கு ஒருமுறை வரும் இனம் ஒன்று இருக்கிறது. கால்பந்து உலகக் கோப்பை நடக்கும் ஆண்டில் வருவதால் அதற்கு உலகக் கோப்பைச் சில்வண்டு என்றே பெயர் வந்துவிட்டது. அங்குள்ள மக்கள் அதைப் பிடித்துச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள், மீன் தூண்டிலுக்கும் வைக்கிறார்கள். நம் மலைகளில் உள்ளவை அப்படி ஆண்டு பார்த்து வருபவை அல்ல, கோடைதோறும் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும்.

பயிருக்குச் சேதம் உண்டா என்றால், தென்னைக்குக் கிடையாது. முட்டை வைக்கத் தென்னையில் கிளையே இல்லை. மாவில் முட்டைக் கீறல் விழுந்த சின்னக் கொப்பு எப்போதாவது வாடலாம். புதிதாக நட்ட ஒட்டுச் செடியில் அப்படிக் கண்டால் அந்த நுனியைக் கிள்ளி எறியுங்கள். மருந்து தெளிக்கும் அளவுக்கு அது பிரச்சினையே இல்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சில்வண்டு நிறைய இருக்கும் மரத்தடியில் நின்றால் தூறல் போட்டதுபோல் மேலே நீர்த்துளி விழும். குடித்த சாற்றில் வேண்டாத தண்ணீரை அது அப்படியே வெளியே விட்டுவிடுகிறது. இதைப் பார்த்துச் சுருள் வெள்ளை ஈ வந்துவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தொட்டுப் பாருங்கள். சில்வண்டின் துளி வெறும் தண்ணீர் போல் இருக்கும், காய்ந்தால் சுவடு தெரியாது. வெள்ளை ஈ விடும் கழிவு தேன் போலப் பிசுபிசுக்கும், சில நாளில் அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து கீழ் மட்டைகளும் ஊடுபயிரும் கரி பூசியதுபோல் ஆகிவிடும்.

காண்டாமிருக வண்டின் கதை வேறு

வளர்ந்த வண்டு ஒன்றரை அங்குலத்தில் இருந்து இரண்டு அங்குலம் வரை நீளம். கறுப்பு அல்லது கரும்பழுப்பு நிறம், தலையில் ஒற்றைக் கொம்பு. ஆணுக்குக் கொம்பு நீளம், பெண்ணுக்குக் குட்டை. வயிற்று நுனியில் செம்பழுப்பு மயிர் அடர்த்தியாக இருந்தால் அது பெண். பகலில் நீங்கள் இதைப் பார்க்கவே மாட்டீர்கள். குருத்துக்குள் குடைந்த ஓட்டையிலோ எருவுக்குள்ளோ கிடக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் பறக்கும். வாசல் விளக்கில் வந்து மோதி விழுவதும் இதுதான். கையில் பிடித்தால் கிறீச்சென்று மெல்லிய சத்தம் போடும், மரத்தில் இருந்து பாடாது.

இது தென்னையின் விரியாத குருத்தைத் துளைத்து உள்ளே போய், நாரை மென்று சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையை வெளியே தள்ளும். மட்டை இடுக்கில் ஓட்டையும், ஓட்டை வாயில் மென்ற நார்ச் சக்கையும் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று பொருள். பாளையையும் குடையும். மடிந்திருக்கும் குருத்தில் ஒரு துளை போட்டால், அது விரியும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டாகத் தெரியும். தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டைதான் விரிக்கும். ஆகவே இன்று நீங்கள் காணும் வெட்டு, ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னால் விழுந்த துளை. இதைப் பலர் யோசிப்பதில்லை. சித்திரையில் மட்டை விரிகிறது, அதே சித்திரையில் சில்வண்டு பாடுகிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். வெட்டியவன் மாசியிலேயே வந்து போய்விட்டான்.

காய்க்கும் மரத்தில் விளைச்சல் நூற்றுக்குப் பத்து வரை குறையலாம். நட்டு இரண்டு மூன்று ஆண்டான கன்றில் நடுக்குருத்து போனால் கன்றே போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, இந்த ஓட்டை சிவப்புக் கூன்வண்டுக்கும் குருத்தழுகல் நோய்க்கும் கதவைத் திறந்துவிடுவது. காண்டாமிருக வண்டால் மட்டும் பெரிய மரம் சாவது அரிது. கூன்வண்டு சேர்ந்துகொண்டால் மரம் நிற்காது.

முட்டை வைப்பது மரத்தில் அல்ல. மக்கிய எரு, குப்பைக்குழி, தென்னை நார்க்கழிவுக் குவியல், விழுந்து அழுகும் தென்னந்தடி, வெட்டாமல் விட்ட தூர் ஆகிய இடங்களில் ஒரு பெண் வண்டு நூறு, நூற்றைம்பது முட்டை வரை வைக்கும். 8 முதல் 18 நாளில் பொரிக்கும். புழுப் பருவம் 100 நாளில் இருந்து 180 நாள் வரை. கூட்டுப்புழுவாக மண்ணில் ஒரு அடிக்குக் கீழே 10 முதல் 25 நாள். அப்புறம் வண்டு. மொத்தத்தில் நான்கு மாதத்தில் இருந்து ஏழு மாதம். அந்தக் காலம் முழுவதும் எதிரி உங்கள் எருக்குழியில், உங்கள் மண்வெட்டிக்கு எட்டும் இடத்தில் படுத்துக் கிடக்கிறான். மரத்தின் உச்சிக்கு ஏறிய பிறகுதான் நாம் அவனைத் தேடுகிறோம்.

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, விழுந்த தடிகளை அப்படியே விட்டால் இந்த வண்டு பெருகும் என்று எச்சரித்ததும் இதனால்தான்.

வண்டு நம் பகுதிக்குச் சொந்தமானது. தெற்காசியாவும் தென்கிழக்கு ஆசியாவும்தான் இதன் தாயகம். 1909-இல் இலங்கையில் இருந்து ரப்பர் கன்றுகளோடு பசிபிக் தீவான சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்து அங்கே தென்னையை நாசமாக்கியது. அதற்கு மாற்றாக 1963-இல் ஹூகர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி மலேசியாவில் இந்த வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1967-இல் சமோவாவில் அதை விட்டார்கள், வண்டு குறைந்தது. இன்றைக்கு நாம் பாக்குலோ வைரஸ் என்று தோப்பில் விடுவது அதைத்தான்.

மண்ணில் கிடைப்பது எது?

இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மண்ணில் கிடைக்கும் புழு இரண்டு வகை அல்ல, மூன்று வகை.

எருவுக்குள், கட்டைவிரல் பருமனில், பழுப்புத் தலையோடு, தொட்டாலும் மெதுவாக நெளியும் வெள்ளைப் புழு காண்டாமிருக வண்டின் புழு. இது உயிருள்ள வேரைத் தின்னாது, மக்கியதைத்தான் தின்னும். இதை எருவோடு சேர்த்து மரத்தடியில் போட்டுவிட்டால் நீங்களே வண்டைச் சுமந்துபோய் மரத்தடியில் குடிவைத்ததாகிவிடும்.

மரத்தடியில், வேர் ஓரமாக, பழுப்பு நிறத்தில், கூன் விழுந்த முதுகோடு, நண்டுக் கால்போல் தடித்த முன்கால் கொண்ட பூச்சி கிடைத்தால் அது சில்வண்டின் குஞ்சு. புழு என்றே சொல்ல முடியாது, பூச்சியின் உருவம் அப்போதே வந்திருக்கும். மூடி வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவதுதான் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் மானாவாரி நிலக்கடலை போடுகிறவர்களுக்குப் பகை. வெள்ளை வேர்ப்புழு. இதுவும் வெள்ளை, இதுவும் பிறை போல் வளைந்திருக்கும், ஆனால் அளவில் சிறியது. கிடைக்கும் இடம் வயல் மண். உயிருள்ள வேரைத் தின்னும். செடி வாடி, பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்துவிடும். இதன் தாய், கோடை மழை பெய்த மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மண்ணில் இருந்து கிளம்பி வேம்பு, முருங்கை, இலந்தை, கருவேல மரங்களில் மொய்த்து இலையைத் தின்னும் பழுப்பு வண்டு. பகலில் அதே வேம்பில் சில்வண்டு பாடிக்கொண்டிருக்கும். இரவில் மொய்ப்பதை விட்டுவிட்டுப் பகலில் பாடுவதன் மேல் மருந்து அடித்தவர்களை எனக்குத் தெரியும். முதல் கோடை மழை விழுந்ததும் மூன்று நான்கு நாள், இரவு 7 மணிக்கு மேல் வேம்பின் கிளையை உலுக்கி, கீழே விரித்த சாக்கில் விழும் வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். ஒருவர் மட்டும் செய்தால் பலன் குறைவு. ஊரோடு செய்தால் ஆடிப் பட்டத்துக் கடலை தப்பும். கோடை உழவையும் விட்டுவிடாதீர்கள். புரண்டு மேலே வரும் புழுவையும் கூட்டுப்புழுவையும் காக்கையும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.

எருக்குழியில் இருந்து தொடங்குங்கள்

காண்டாமிருக வண்டுக்கு மருந்து என்று கேட்டால் நான் முதலில் மண்வெட்டியைத்தான் சொல்வேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எருக்குழியைப் புரட்டிப் புழுவைப் பொறுக்குங்கள். கோழி வளர்ப்பவர்கள் கோழியை விட்டுவிடுங்கள், அது நம்மைவிட நன்றாகப் பார்க்கும். நார்க்கழிவை மழையில் நனைய விட்டுத் தோப்புக்குள் குவிக்காதீர்கள்.

புரட்டிய குழியில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூசணத்தைத் தெளிக்கலாம். 250 மில்லி மெட்டாரைசியம் கலவையை 750 மில்லி தண்ணீரில் கலந்து எருவின் மேல் தெளிக்க வேண்டும். எரு ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த எருவில் பூசணம் பிடிக்காது, நம் மாவட்டத்து வெயிலில் பலருக்குப் பலன் தெரியாமல் போவதற்குக் காரணம் இதுவே. ஆகவே தண்ணீர் தெளித்துவிட்டு மாலையில் அடியுங்கள், மேலே பழைய ஓலையைப் போட்டு மூடுங்கள். வைரஸில் நனைத்த வண்டுகள் கிடைத்தால் எக்டருக்கு 15 என்ற கணக்கில், அதாவது ஏக்கருக்கு 6, மாலையில் விடலாம். அவை எருக்குழிக்கும் மரத்துக்கும் போய்வந்து நோயைப் பரப்பும்.

மரத்தில், ஓட்டையும் சக்கையும் தெரிந்தால் கொக்கிக் கம்பியை விட்டு வண்டைக் குத்தி இழுக்க வேண்டும். காய் வெட்ட ஆள் ஏறும்போதே ஒரு கம்பியைக் கொடுத்து அனுப்புங்கள், தனிக் கூலி மிச்சம். அப்போதே வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உச்சியில் உள்ள மூன்று உள்மட்டை இடுக்குகளில் போட்டுவிடலாம். இளங்கன்றுகளுக்கு அதே இடுக்குகளில் மூன்று அந்துருண்டைகளை 45 நாளுக்கு ஒருமுறை வைக்கலாம். ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சிறு மண்பானைகளில் தோப்பில் வைத்தால், நாற்றத்துக்கு வண்டு வந்து விழும்.

பழைய கையேடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். குருத்து இடுக்கில் போரேட் குருணைப் பொட்டலம் வைக்கச் சொல்லி அவற்றில் இருக்கும். போரேட் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. கடையில் யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கவர்ச்சிப் பொறி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்த மணம் ஆண் வண்டு விடுவது, ஆணையும் பெண்ணையும் சேர்த்தே இழுக்கும். ஆகவே பொறியைக் கன்றுத் தோப்பின் நடுவில் கட்டுவது வினையை விலைக்கு வாங்குவது. எல்லை ஓரமாக, கன்றுகளைவிட்டுத் தள்ளிக் கட்டுங்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கட்டும், இல்லையென்றால் விழுந்தது ஏறிப் போய்விடும். பக்கத்துத் தோப்புக்காரரும் கட்டினால்தான் நல்லது. உங்கள் தோப்பில் மட்டும் கட்டினால் ஊர் வண்டுக்கு நீங்கள் விருந்து வைத்ததாகும்.

பட்டுப்போன மரத்தை அப்புறப்படுத்தி எரிக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நம் மாவட்டத்தில் அதை அப்படியே செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேற்கே காட்டு எல்லை. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு. கோடையில் ஒரு பொறி போதும். கிழக்கே வந்தால் பட்டாசு ஆலையும் தீப்பெட்டி ஆலையும் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கின்றன. இந்த இரண்டு இடத்திலும் தடியை எரிக்காதீர்கள். ஒன்றரை அடித் துண்டாக அறுத்து, கோடாலியால் நான்காகப் பிளந்து வெயிலில் போட்டால் ஈரம் போய்விடும். காய்ந்த தடியில் வண்டு முட்டை வைக்காது, வீட்டு அடுப்புக்கும் ஆகும். தூரையும் தோண்டி எடுங்கள். அதேபோல், வண்டைக் கவர இரவில் தீ மூட்டும் பழைய வழக்கமும் இந்தப் பகுதிக்கு வேண்டாம். விளக்குப்பொறி வைக்க வேண்டுமென்றால் மின்விளக்கே போதும், அதையும் ஆலைச் சுற்றுச்சுவரைவிட்டு நன்றாகத் தள்ளி வையுங்கள்.

மாந்தோப்புக்காரர்களுக்கு

பஞ்சவர்ணம் வைத்திருக்கும் ஒருவர், "மரத்துக்குள்ள மிஷின் வச்சுத் துளைக்கிற மாதிரி சத்தம் கேக்குது" என்று போனில் சொன்னார். தண்டு துளைப்பான் என்று நினைத்து நானும் கிளம்பிப் போனேன். பாடியது சில்வண்டு. ஆனால் போனது வீண் போகவில்லை. நாலு மரம் தள்ளி, சத்தமே இல்லாத ஒரு மரத்தின் அடித்தண்டில் மரத்தூளும் கழிவும் கொட்டிக் கிடந்தன, பட்டையில் சாறு வடிந்திருந்தது. தண்டு துளைப்பான் அங்கேதான் இருந்தது. அதுவும் நீண்ட மீசை கொண்ட பெரிய வண்டு, இரண்டு அங்குலம் வரை இருக்கும். மரத்துக்குள் தின்பது அதன் புழு. வெளியே நின்று கேட்டால் அதன் சத்தம் நம் காதுக்கு வராது. ஆகவே மாமரத்தில் காதை வைக்காதீர்கள், அடித்தண்டைக் குனிந்து பாருங்கள்.

தோப்பில் சில்வண்டு இருப்பதால் ஏதாவது நன்மை உண்டா என்றும் கேட்பார்கள். அவை பறவைக்கும் ஓணானுக்கும் தீனி. வெளியே வரும் ஓட்டைகளில் கோடை மழை இறங்கும். அதற்கு மேல் நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் மேல் அடிக்கும் மருந்து, தென்னம்பாளைக்கு வரும் தேனீயையும் வெள்ளை ஈயைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்தே கொல்லும். மலையடிவாரத்தில் என்றால் ஓடை வழியாகப் பிளவக்கல் அணைப் பக்கம்கூடப் போகலாம். கண்ணில் படாத வண்டை விட்டுவிட்டு, பாடுவதற்குக் கூலி கொடுக்க வேண்டுமா என்பதுதான் அண்ணாச்சியிடம் நான் கேட்ட கேள்வி. அவர் சிரித்துவிட்டு எருக்குழியைப் புரட்ட ஆளைக் கூப்பிட்டார்.

சந்தேகம் இருந்தால் பூச்சியைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். தீப்பெட்டி நல்ல யோசனை, நசுங்காமல் வரும். கூடு மட்டும் போதாது. குருத்து ஓட்டையில் கிடந்த சக்கையையும், எருவிலோ மண்ணிலோ கிடைத்த புழு இரண்டையும், எங்கே எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி, அருப்புக்கோட்டையில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ காட்டுங்கள். போனில் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் பூச்சிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, மேலிருந்து ஒரு படமும் வாய்ப்பகுதி தெரியும்படி கீழிருந்து ஒரு படமும் எடுங்கள். ஊசி வாயா, தாடையா என்பது தெரிந்தால் பதில் உடனே சொல்லிவிடலாம்.